பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் விவசாயிக்கு என்ன?

அரசாங்கத்துக்கு வரவை மிஞ்சிச் செலவு வந்தால் பட்ஜெட்டில் துண்டு விழுகிறது என்கிறோம். கடன் வாங்கித்தான் அந்தத் துண்டை ஈடுகட்ட வேண்டும். நாட்டில் தொழில் மந்தமாகும்போது அரசு செலவைச் சுருக்க வேண்டுமா, கடன்பட்டாவது செலவிட வேண்டுமா என்பது நெடுநாளைய வழக்கு. இது பட்டணத்துப் படித்தவர்களின் பேச்சு என்று விவசாயிகள் ஒதுக்கிவிடக் கூடாது.

2020-ல் நடந்தது

கொரோனா ஊரடங்கின்போது, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை, நாட்டின் மொத்த உற்பத்தி முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. வயலில் விளைச்சல் குறையவில்லை. ஆனால் ஓட்டல்கள் மூடிக் கிடந்தன, கல்யாணங்கள் சுருங்கின. பூவும் வாழை இலையும் காய்கறியும் பல ஊர்களில் கேட்பாரின்றிப் போயின. விளைச்சல் மட்டும் இருந்தால் போதாது, வாங்குபவர் கையில் காசும் இருக்க வேண்டும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

அப்போது மத்திய அரசு செலவைக் கூட்டியது. நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு முதலில் ஒதுக்கிய 61,500 கோடி ரூபாயுடன் மேலும் 40,000 கோடி சேர்த்தது. சுமார் 80 கோடி பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் கூடுதலாக இலவசமாகக் கிடைத்தது. உர மானியத்துக்கு மேலும் 65,000 கோடி அறிவிக்கப்பட்டது. வரி வரவோ திட்டமிட்டதைவிடக் குறைந்துவிட்டது. நாட்டின் உற்பத்தி மதிப்பில் 100 ரூபாய்க்கு மூன்றரை ரூபாய் என்று திட்டமிட்ட துண்டு, 9 ரூபாய்க்கு மேல் போயிற்று.

இரு தரப்பு வாதம்

சிக்கனம் வேண்டும் என்போர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அரசின் கடனுக்கும் வட்டி உண்டு. 2020-21-ல் மத்திய அரசின் வருவாயில் ரூபாய்க்கு 40 காசுக்கு மேல் வட்டிக்கே சென்றது. அந்தப் பணம் வாய்க்கால் தூர் வாரவோ, கிட்டங்கி கட்டவோ உதவாது. அரசு அளவு மீறிச் செலவிட்டால் விலைவாசி ஏறலாம். அதில் முதலில் அடிபடுபவர் ஏழையே.

மறுதரப்பு சொல்வது இது: வருமானம் குறைந்தால் ஒரு குடும்பம் செலவைச் சுருக்குவது சரிதான். ஆனால் ஒருவர் செலவு மற்றொருவர் வரவு. ஊரே ஒரே சமயத்தில் கையை இறுக்கினால் ஊரில் எல்லார் வரவும் குறையும். அவ்வேளையில் அரசும் கையை இறுக்கினால் மந்தம் இன்னும் முற்றும். கூலியாகக் கொடுத்த பணம் மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் போய், காய்கறி விற்பவரிடமும் வந்து சேர்கிறது.

எந்தக் கடன்?

கடன் என்றால் எல்லாம் ஒன்றல்ல. கிணறு வெட்ட வாங்கும் கடன் தண்ணீர் தரும். மழை பொய்த்த ஆண்டில் உழவு மாட்டை விற்காமலிருக்க வாங்கும் கடன், அடுத்த பட்டத்தைக் காப்பாற்றும். ஆடம்பரமாகக் காதுகுத்து நடத்த வாங்கும் கடனோ வட்டியை மட்டுமே வளர்க்கும். அரசின் கடனையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். நல்ல மகசூல் வந்த ஆண்டில் கடனைக் குறைப்பதும் அவசியம். 2023-24-ல் மத்திய அரசின் துண்டு 100 ரூபாய்க்கு 5 ரூபாய் 60 காசாகக் குறைந்தது.

எனவே பட்ஜெட் செய்தி வரும்போது துண்டின் அளவை மட்டும் பார்த்து மகிழவோ அஞ்சவோ வேண்டாம். கடன் பணம் எதற்குப் போகிறது? சிக்கனம் என்ற பெயரில் எந்தச் செலவு முதலில் வெட்டப்படுகிறது? நீர்ப்பாசனமும் கொள்முதலும் கூலி வேலையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா? கிராம சபையிலும், ஓட்டுக் கேட்டு வருவோரிடமும் இவற்றை விவசாயிகள் தவறாமல் கேட்க வேண்டும்.