வகுப்பறைக்கு வெளியே ஒரு கல்வி

பல்கலைக்கழகத்தில் புகும் மாணவர் பலர், அங்கே பெறத்தக்கது பட்டம் ஒன்றே என எண்ணுகின்றனர். விடுதியிலிருந்து வகுப்பிற்கும், வகுப்பிலிருந்து விடுதிக்கும் நடந்தே ஆண்டுகளைக் கழித்துவிடுகின்றனர். பாடநூலை எவ்வூரிலிருந்தும் எவ்வயதிலும் கற்கலாம். ஆனால், பல துறை அறிஞரும், பல ஊர் இளைஞரும், பெரிய நூலகமும், ஆடுகளமும் ஒருங்கே அமைந்த சூழல் வாழ்நாளில் மீண்டும் வாய்ப்பது அரிது.

சார்லஸ் டார்வின் 1828-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சமய குரு ஆவதற்குரிய பட்டம் பெறவே தந்தையார் அவரை அனுப்பினார். டார்வினோ, ஓய்வு நேரங்களில் வண்டுகளைத் தேடித் திரட்டினார். ஒரு நாள் மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டைக் கண்டு, கைக்கொன்றாகப் பிடித்தார். அப்போது மூன்றாவதாகப் புதுவகை வண்டு ஒன்று தோன்றியது. அதை விட மனமின்றி, கையிலிருந்த ஒன்றை வாயில் இட்டுக்கொண்டார்! அது காரமான நீரைப் பீச்சவே, நா எரிந்து உமிழ்ந்துவிட்டார். அந்த வண்டும் போயிற்று. புதிய வண்டும் தப்பியது.

இத்தகைய ஆர்வம் அவரைத் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவிடம் சேர்த்தது. அப்பேராசிரியர் வாரந்தோறும் ஒரு மாலையில் தம் இல்லத்தில் மாணவரைக் கூட்டி உரையாடுவார். டார்வின் அங்குச் சென்றார்; அவருடன் நெடுந்தூரம் உலாவினார். 1831-இல் ‘பீகிள்’ என்னும் கப்பலில் உலகைச் சுற்றிவர இயற்கை ஆய்வாளர் ஒருவர் தேவைப்பட்டபோது, ஹென்ஸ்லோ டார்வினையே பரிந்துரைத்தார். ஏறத்தாழ ஐந்தாண்டு நீடித்த அப்பயணத்தில் கண்டவையே, பின்னர் உயிரினங்களின் தோற்றம் பற்றி அவர் எழுதிய நூலுக்கு அடிப்படையாயின. மதிப்பெண் பட்டியல் திறவாத கதவை ஆசிரியருடன் நடந்த நடை திறந்தது.

இதற்கு நம் சென்னையிலும் சான்று உண்டு. 1928-இல் ஜெர்மானிய அறிஞர் சாமர்ஃபெல்டு இந்நகருக்கு வந்திருந்தார். அவர் எழுதிய அணு நூலை மாநிலக் கல்லூரி மாணவர் சந்திரசேகர் தாமாகவே முன்னர்ப் படித்திருந்தார். அவர் அவ்வறிஞரை நாடிச் சென்று கண்டார். நூலில் உள்ள கொள்கைகள் மாறிவிட்டன என்று கூறிய சாமர்ஃபெல்டு, அப்போது அச்சில் வெளிவராதிருந்த தம் கட்டுரையின் படியையும் அளித்தார். அதைக் கற்று மாணவர் எழுதிய ஆய்வுரை 1929-இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது. 1983-இல் நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர் அவரே.

அறிவைப் போன்றே உடலும் பயிற்சி பெறல் வேண்டும். ராஜர் பானிஸ்டர் ஆக்ஸ்ஃபோர்டில் பயின்றபோது ஓட்டப் பயிற்சியை மேற்கொண்டார். 1954-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், மருத்துவ மாணவராக இருக்கும்போதே, ஒரு மைலை 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலாகக் கடந்தார்.

தொண்டும் கல்வியின் ஒரு பகுதியே. காந்தியடிகள் நூற்றாண்டான 1969-இல், நம் நாட்டின் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. இதில் சேரும் மாணவர் சிற்றூர்களில் முகாமிட்டு, தெருக்களைத் தூய்மை செய்வர், மரம் நடுவர். ஊர்ப் பெரியவரிடம் பணிவுடன் பேசுதல், பலருடன் கூடி உழைத்தல் ஆகியவற்றை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாகக் கற்பிப்பதில்லை.

“பெற்றோர் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி அனுப்பும் பணத்தில் இவையெல்லாம் தகுமோ?” எனச் சிலர் ஐயுறலாம். பாடத்தைப் புறக்கணித்தல் தகாது. டார்வின் தம் வகுப்புத் தேர்வில் பத்தாம் இடம் பெற்றார்; பானிஸ்டர் நரம்பியல் மருத்துவராகச் சிறந்தார். பத்து மன்றங்களில் பெயரைப் பதிவதினும் ஒன்றிரண்டில் ஊன்றி உழைப்பதே நன்று.

மாணவர்களே! உங்களுள் சிலர், தம் குடும்பத்தில் பல்கலைக்கழகம் காணும் முதல்வராக இருக்கலாம். நூலகமும், சொல்மன்றமும், ஆடுகளமும் வசதி படைத்தோர்க்கே உரியவை என்று கூசி ஒதுங்காதீர்கள். அவை உங்களுக்கும் உரியவை. ஆயினும், அவை உங்களைத் தேடி வாரா. நீங்களே அவற்றைத் தேடிச் செல்ல வேண்டும்.