மூச்சு ஒன்று போதும்!

கழுத்துக்குக் கீழே அசைவற்றுக் கிடப்பவனைக் கண்டால், "ஐயோ, பாவம்!" என்பர்; பெருமூச்செறிவர்; போய்விடுவர்.

ரெஜ் மேலிங் போய்விடவில்லை! 1960-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில், முடங்கிக் கிடந்தோருக்கு ஆளை அழைக்க ஒரு மணியே துணையாயிருக்கக் கண்டார். குழாயொன்றை வாயருகே வைத்தார். ஊதினால் ஒரு கட்டளை. உறிஞ்சினால் மற்றொரு கட்டளை! விளக்கு எரிந்தது, தட்டச்சுப் பொறி எழுதிற்று. கருவியின் பெயர் 'பாசம்'. நம் தமிழ்ப் பாசமல்ல; இலத்தீனில் அதற்கு 'என்னால் முடியும்' என்று பொருள்!

இன்று கணினியிலும் கைப்பேசியிலும் அவ்வழியே தொடர்கிறது. திரையில் எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டியது வரும்போது ஒரே விசையைத் தட்டினால் போதும். விரல் இல்லையா? தலையால் தட்டலாம். கன்னத் தசையின் அசைவாலேயே எழுதினார் ஸ்டீபன் ஹாக்கிங். அவருக்காக இன்டெல் ஆக்கிய மென்பொருள் 2015-இல் அனைவர்க்கும் இலவசமாக்கப்பட்டது. ஐபோனில் விசைவழி இயக்கும் வசதி 2013 முதலே உண்டு.

வழி இருக்கிறது, வாசலுக்கு வந்ததா? மென்பொருள் இலவசம், விசைக்கு விலை உண்டே! அதைப் பொருத்திப் பழக்கித் தர ஆள் வேண்டுமே! ஆலை இயந்திரம் கைகளை விழுங்கிய தொழிலாளிக்கு, இன்னோர் இயந்திரம் எழுத்தை மீட்டுத் தர வேண்டாமா?

அவன் கேட்பது கண்ணீரையல்ல, கருவியை! 'பாவம்' என்பதை நிறுத்துவோம். 'முடியும்' என்பதை அவன் கையருகே, வாயருகே கொண்டு சேர்ப்போம்!