மேற்கு என்றால் மேடு, கிழக்கு என்றால் கீழே… தெரியுமா?

மேற்கு என்ற சொல்லுக்குள் ‘மேல்’ ஒளிந்திருக்கிறது. கிழக்குக்குள் ‘கீழ்’ ஒளிந்திருக்கிறது. தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் தொடங்கி வங்கக் கடல் வரைக்கும் சரிந்து கிடக்கிற மண்ணில் நின்றவன் வைத்த பெயர்கள் இவை. திசையைச் சொல்லப் போனவன் கூடவே சரிவையும் சொல்லிவிட்டான்! மேல்மலையனூர், மேல்சித்தாமூர், கீழ்பென்னாத்தூர் என்று எங்கள் பக்கத்து பஸ் போர்டுகளில் மேலும் கீழும் மாறி மாறி வரும்.

இன்னொன்று கேளுங்கள். மலையாளத்திலும் கிழக்குக்குக் ‘கிழக்கு’தான். ஆனால் கேரளத்தில் கிழக்கே போனால் ஏற்றம், மேற்கே போனால் கடல்! மலைக்கு இந்தப் பக்கத்து நிலத்தைப் பார்த்துப் பிறந்த சொல், அந்தப் பக்கம் போனதும் கூட்டல் கழித்தலாகிவிட்டது. திராவிட மொழிகளை ஆராய்ந்த கால்டுவெல் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், மலைமுகட்டைத் தாண்டியதும் திசை வகைக்கெழுவின் குறி மாறிவிட்டது.

திசை வகைக்கெழுவா? பயப்படாதீர்கள். ‘இந்த இடம் எவ்வளவு சரிவு?’ என்று கேட்டால் பதிலே கிடையாது. ‘எந்தப் பக்கமாகப் போனால்?’ என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் எண்தான் திசை வகைக்கெழு. அவ்வளவே!

மேல்மலையனூரிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் செஞ்சிக் கோட்டை. 1677-ல் சிவாஜி பிடித்தது; 1690 முதல் 1698 வரை மொகலாயப் படைக்குத் தண்ணி காட்டியது; 2025-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். அங்குள்ள ராஜகிரி மலை மட்டும் சுமார் 800 அடி. அதன் அடிவாரத்தில் ஒரு பாறைமேல் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே ஒரு மீட்டர் நகர்ந்தால் 30 சென்டிமீட்டர் ஏறுகிறது. வடக்கே ஒரு மீட்டர் நகர்ந்தால் 40 சென்டிமீட்டர் ஏறுகிறது. இந்த இரண்டு எண்களும் பகுதி வகைக்கெழுக்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் வருகிறவைதான்.

இப்போது வேடிக்கை. நிற்கிற இடத்தில் எத்தனை திசை உண்டு? முடிவே இல்லை. ஆனால் அத்தனை திசைக்கும் விடை இந்த இரண்டே எண்களுக்குள் அடக்கம்! வடகிழக்கே போகிறீர்களா? 30-ஐயும் 40-ஐயும் கூட்டி இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏற்றம் 49.5 சென்டிமீட்டர். தென்கிழக்கே? 30-லிருந்து 40-ஐக் கழித்து அதே மாதிரி வகுத்தால் கழித்தல் ஏழு, அதாவது இறக்கம். எப்படி இரண்டு எண் போதும் என்கிறீர்களா? வழவழப்பான எந்த மலையையும் கிட்டப் போய்ப் பார்த்தால் சாய்த்து வைத்த பலகைதான். பலகையின் சாய்மானத்தைச் சொல்ல இரண்டு விளிம்பு தெரிந்தால் போதாதா?

அந்த இரண்டு எண்ணையும் சேர்த்து ஓர் அம்பாக வரைந்தால் அதுதான் கிரேடியன்ட். நம் பாறையில் அம்பின் நீளம் 50. பித்தாகரஸ் கணக்குதான்: மூன்று, நான்கு, ஐந்து. அது காட்டும் பக்கம்தான் இருப்பதிலேயே செங்குத்து. அதிலிருந்து 60 பாகை விலகி நடந்தால் ஏற்றம் சரிபாதி, 25 சென்டிமீட்டர். 90 பாகை விலகினால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. எல்லாம் கொசைன் செய்கிற வேலை. எனக்குப் பிடித்தது வேறொன்று. வடகிழக்கு, அம்பிலிருந்து எட்டு பாகை விலகியிருக்கிறது; ஆனால் இழப்பு அரை சென்டிமீட்டர்தான்! உச்சத்துக்குப் பக்கத்தில் கொசைன் அவ்வளவு தாராளம். வழி கொஞ்சம் பிசகினாலும் மலை மன்னித்துவிடுகிறது.

கிரேடியன்ட்டுக்குத் தமிழில் என்ன என்று அகராதியைப் புரட்ட வேண்டாம். கொத்தனாரைக் கேளுங்கள். வாட்டம்! மொட்டை மாடிக்கு “அடிக்கு ஒரு நூல் வாட்டம்” என்பார்கள். ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல்; ஆக அடிக்கு ஒரு நூல் என்றால் 96-க்கு 1. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டியபோது மேஸ்திரி டியூப் மட்டத்தைப் பிடித்தார். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனை இந்தச் சுவரில், மறுமுனை எதிர்ச் சுவரில். தண்ணீர் ஆடி நின்றதும் பென்சிலால் கோடு. அவர் சுவரில் போட்டது சாட்சாத் சமமட்டக் கோடு! வாட்டம் அதற்குச் செங்குத்தாகத்தான் ஓட வேண்டும். எல்லாம் முடிந்து ஒரு மக் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் ஓடியது, ஜோராக ஓடியது, கதவைப் பார்த்து! எண் சரி, திசை தப்பு. மூன்று வரிசை டைல்ஸைப் பெயர்த்தோம். எனக்குத் திசை வகைக்கெழு பாடம் அன்றைக்குத்தான் நடந்தது, கல்லூரியில் அல்ல.

திருவண்ணாமலை கிரிவலத்திலும் இந்தக் கணக்கு உண்டு, தெரியுமா? மலை 2,668 அடி. சுற்றுப் பாதை 14 கிலோமீட்டர். கார்த்திகை தீபத்துக்கு மலை ஏறுகிறவர் வாட்டத்தின் வழியே போகிறார், மூச்சு வாங்குகிறது. அடிவாரத்தைச் சுற்றுகிறவர் ஏறக்குறைய வாட்டத்துக்குக் குறுக்கே போகிறார். அவருடைய திசை வகைக்கெழு கிட்டத்தட்டப் பூஜ்யம். அதனால்தான் எழுபது வயதுப் பாட்டியும் விடியவிடிய நடந்து முடிக்கிறார், கால் வலியைத் தவிர வேறு புகார் இல்லாமல்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏன் இத்தனை? பஸ் எஞ்சினால் அம்பின் நேர்க்கோட்டில் ஏற முடியாது. விலகி விலகி, கொசைனைக் குறைத்துக் குறைத்து ஏறுகிறது. ஊட்டி ரயிலோ பிடிவாதக்காரர். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே 12-க்கு 1 என்ற வாட்டத்தில், தண்டவாளத்துக்கு நடுவில் பதித்த பல்சட்டத்தைப் பற்களால் கவ்விக்கொண்டு 1899-லிருந்து ஏறிக்கொண்டிருக்கிறது.

அடுத்து புயல். 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை! காற்றழுத்தத்துக்கும் வாட்டம் உண்டு. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குக் காற்று நேராகப் பாய வேண்டியதுதானே? பாயாது! பூமி சுற்றுவதால் அதன் போக்கு வலப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் வாட்டத்துக்கு ஏறக்குறையக் குறுக்கே, புயலைச் சுற்றிக் கிரிவலம் வருகிறது. பைஸ் பாலட் என்ற டச்சுக்காரர் 1857-ல் இதற்கு ஒரு சுலப வழி சொன்னார்: காற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், நம் பாதி உலகத்தில் தாழ்வழுத்தம் உங்கள் இடப்பக்கம். அன்றைக்குத் திண்டிவனத்தில் வடகிழக்குக் காற்று முதுகில் அறைய நின்றவர் இடது கையை நீட்டியிருந்தால், விரல் நுனி புயலின் பக்கம்தான் காட்டியிருக்கும்.

இத்தனை புகழ்ந்தாகிவிட்டது, ஒரு வில்லனையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் வர்க்கத்தை ஒய்யால் பெருக்கி, எக்ஸின் நான்காம் அடுக்கையும் ஒய் வர்க்கத்தையும் கூட்டிய தொகையால் வகுத்துக்கொள்ளுங்கள்; நடுப்புள்ளியில் பூஜ்யம் என்று வையுங்கள். நடுப்புள்ளிக்கு எந்த நேர்க்கோட்டில் வந்தாலும் சார்பு ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வரும். எல்லாத் திசையிலும் வகைக்கெழு உண்டு. நல்ல பிள்ளை! ஆனால் ஒய் சமம் எக்ஸ் வர்க்கம் என்ற வளைகோட்டில் வந்து பாருங்கள்: வழி முழுக்க மதிப்பு அரை, நடுப்புள்ளியில் மட்டும் தொபுக்கென்று பூஜ்யம். எல்லாத் திசையிலும் சரிவு தெரிந்தும் அங்கே செங்குத்துப் பிளவு! சாய்த்து வைத்த பலகை என்றேனே, அது வழவழப்பான மலைக்குத்தான். இந்த மலையில் அம்பு வரைந்தால் அது பொய் சொல்லும்.

அம்புக்குக் கணக்கில் போடும் குறி ஒரு தலைகீழ் முக்கோணம். ஹாமில்டன் என்ற கணிதவியலர் கொண்டுவந்தது. அதன் பெயர் நாப்லா. பழங்கால யாழ் ஒன்றின் பெயர்! வடிவத்தைப் பார்த்து வைத்தார்கள். 1847-ல் கோஷி என்ற பிரெஞ்சுக்காரர் விண்பொருள்களின் சுற்றுப்பாதைக் கணக்குக்காக, அம்புக்கு எதிர்ப்பக்கமாகப் படிப்படியாக இறங்கினால் குறைந்தபட்சத்தைப் பிடிக்கலாம் என்று எழுதினார். உங்கள் செல்போன் அடுத்த தமிழ்ச் சொல்லை ஊகித்துக் காட்டுகிறதே, அதைப் பழக்கியதும் இதே இறக்கத்தில்தான். செஞ்சிப் பாறைக்கு இரண்டு எண், அங்கே லட்சக்கணக்கில்.

ஆனால் என்னை வாயடைக்க வைத்தது ஒரு பாக்டீரியா. ஈகோலை, நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. அத்தனை சின்ன உடம்பின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சர்க்கரை எவ்வளவு வித்தியாசப்பட்டுவிடும்? அதனால் அது வாட்டத்தை அளப்பதில்லை. நேராக நீந்துகிறது. ‘சற்று முன்னைவிட இப்போது சர்க்கரை அதிகமா?’ என்று பார்க்கிறது. அதிகமென்றால் அதே பக்கம் இன்னும் கொஞ்ச நேரம். குறைகிறதென்றால் ஒரு குட்டிக்கரணம். எந்தப் பக்கம் முகம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் மறுபடி ஓட்டம். 1972-ல் ஹோவர்ட் பெர்க் என்பவர் பாக்டீரியாவைப் பின்தொடரும் நுண்ணோக்கியைக் கட்டி, இந்த ஓட்டத்தையும் கரணத்தையும் பதிவு செய்து காட்டினார். தான் போகிற ஒரே திசையின் வகைக்கெழு, அதுவே கையில். அம்பைக் கண்ணால் காணாமலே சர்க்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது!

இந்த வித்தையை நானும் செய்திருக்கிறேன் என்பது படித்தபோதுதான் உறைத்தது. எட்டு வயசு. மேல்மலையனூரில் அமாவாசை ராத்திரி, அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம். கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்டேன். “எங்க தொலைஞ்சாலும் ஊஞ்சலுக்கு எதிர்ல வந்து நில்லு” என்று பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். பெரியவர்களின் இடுப்புகளும் வேப்பிலைக் கொத்துகளும் தவிர ஒன்றும் தெரியவில்லை. பம்பை மட்டும் கேட்டது. பத்தடி நடந்தேன், சத்தம் குறைந்தது. திரும்பினேன். பத்தடி, கூடியது. இன்னும் பத்தடி; கற்பூர வாசனையும் சேர்ந்தது. யாரோ ஆவேசம் வந்து ஆட, ஒதுங்கினேன். சத்தம் தணிந்தது, மறுபடி திரும்பினேன். கடைசியில் ஓரிடத்தில் பம்பையும் உடுக்கையும் நெஞ்சுக்குள்ளேயே அடித்தன. ஒரு எட்டு இந்தப் பக்கம் வைத்தேன், குறைந்தது. அந்தப் பக்கம் வைத்தேன், குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது.