வீட்டில் ஓதமும் குடும்ப நலமும்

தைப்பூசக் காலத்தில் பழனிக்கு வரும் யாத்திரிகர்களோடு நம் உறவினரும் வந்து தங்குவர். அவர்களுக்காகப் பெட்டியிலிருந்து ஜமக்காளத்தையும் போர்வையையும் எடுக்கும்போது ஒரு மக்கல் வாடை எழுவதை நம்மில் பலர் அறிவோம். ஐப்பசி, கார்த்திகை மழை நம் சுவர்களில் விட்டுச் சென்ற ஓதத்தின் விளைவே அது. சாம்பிராணி போட்டால் வாடை மறையும், காரணம் மறையாது.

பூஞ்சணம் என்பது நுண்ணிய காளான் இனம். ஈரமுள்ள இடத்தில் சுவர், துணி, நூல், தானியம் ஆகிய எதிலும் அது படரும். அதன் வித்துகள் கண்ணுக்குப் புலப்படாமல் காற்றில் மிதந்து மூச்சோடு உட்செல்கின்றன. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்போருக்கு இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதியாக உண்டாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. குழந்தையின் இரவு இருமலுக்கு மருந்து வாங்கும் நாம், அதன் பாயருகே உள்ள சுவரையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

நெசவாளர் வீட்டில்

நெசவாளருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. வறண்ட காற்றில் பருத்தி நூல் அறும். ஆகவே குழித்தறியின் மண்ணீரத்தை நாம் விரும்புகிறோம். சன்னலையும் அடைத்து வைக்கிறோம். நூலுக்கு நன்மை செய்யும் அந்த ஈரமே மூச்சுக்குத் தீமை செய்கிறது. கஞ்சியிட்ட பாவோ பூஞ்சணத்திற்கு நல்ல உணவு. பாவை நன்கு உலர்த்திய பின்னரே சுற்றுதல், தறி ஓடாத நேரங்களில் சன்னலைத் திறந்து வைத்தல், குழந்தைகளைத் தறியறையில் படுக்க வைக்காதிருத்தல் ஆகிய மூன்றும் செலவில்லாத காரியங்கள்.

விவசாயி வீட்டில்

பூஞ்சணம் மூச்சோடு நிற்பதில்லை, உணவிலும் புகும். 1960-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் வான்கோழிகள் இறந்தன. தீவனத்திலிருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று தெரிந்தது. அதற்கு அஃப்ளடாக்சின் எனப் பெயரிட்டனர். 1974-இல் நம் நாட்டிலேயே, ராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டோர் மஞ்சட்காமாலை கண்டு, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டனர். மிச்சத்தைத் தின்ற நாய்களும் நோயுற்றன. நிலக்கடலையும் மக்காச்சோளமும் விளைவிக்கும் நாம் இதை மறத்தலாகாது.

இந்நஞ்சு வீட்டுச் சமையலின் சூட்டில் அழிந்துவிடுவதில்லை. "வீணாக்குவானேன், மாட்டுக்குப் போடுவோம்" என்பதும் தவறு. பசு உண்ட நஞ்சின் ஒரு பகுதி பாலில் வரும். அந்தப் பாலை நம் குழந்தையே அருந்தும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நீர் வரும் வழியைக் கண்டு அடைத்தல் வேண்டும். உடைந்த ஓட்டை மாற்றுவதும், சுவரோரம் நீர் தேங்காது வடிகால் வெட்டுவதும் இதில் அடங்கும். ஓதம் நிற்காமல் சுண்ணாம்பு அடித்தால், அடுத்த மழையில் கறை திரும்பவும் தோன்றும்.

இரண்டாவதாக, பூஞ்சணத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கலாகாது; வித்துகள் வீடெங்கும் பரவும். மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, அவ்விடத்தை உலர விடுதல் வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் இவ்வேலையைச் செய்யாதிருப்பது நலம்.

மூன்றாவதாக, நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் நன்கு காயவைத்தே மூட்டை கட்டுதல் வேண்டும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகையின் மீது, சுவரை விட்டுச் சிறிது தள்ளி அடுக்குவது முறை. பூஞ்சணம் கண்ட பருப்பைப் பொறுக்கி அப்புறப்படுத்துவோம். மனிதருக்கோ மாட்டுக்கோ அதை உணவாக்க வேண்டாம்.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத சீமை நம்முடையது. வாடை எழுந்தால் அதைத் தூபத்தால் மறைக்காமல், கதவைத் திறந்து, ஈரம் எங்கே என்று தேடுவோமாக.