வில்லுப்பாட்டுக்கு விலாசம் தந்த வானொலி

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அறுபதைத் தாண்டியவர்களிடம் வானொலியைப் பற்றிப் பேச்செடுத்தால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்ற பெயர்கள் உடனே வந்து விழும். சினிமா நட்சத்திரங்களுக்கு இருந்த மவுசு இந்த இலங்கை அறிவிப்பாளர்களுக்கும் இருந்தது. 'பொங்கும் பூம்புனல்', பிறந்தநாள் வாழ்த்து, 'பாட்டுக்குப் பாட்டு' என்று பஞ்சாலைத் தொழிலாளியின் வீடும் டீக்கடையும் ஒரே அலைவரிசையில் கிடந்த காலம் அது.

அந்த ஈர்ப்புக்கு டில்லியும் ஒரு காரணம். 1952-இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தைச் சுருக்கினார். கொழும்பிலோ, உலகப் போரின்போது ராணுவத்துக்காக நிறுவப்பட்ட சிற்றலை ஒலிபரப்பிகள் ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தன. நேயர்கள் முள்ளை அந்தப் பக்கம் திருப்பினார்கள். 1957-இல் விவித் பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

கொழும்பு தந்தது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. கரிசல் காட்டுக்காரர்கள் தங்கள் சொந்தப் பேச்சையே பெட்டிக்குள் கேட்டது 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த பிறகுதான்.

அதில் வில்லுப்பாட்டுக்குக் கிடைத்த இடம் தனி. சுடலைமாடன், முத்துப்பட்டன் கதைகளைக் கொடை விழாவில் விடிய விடியப் பாடுகிற கலை இது. மணிகள் கட்டிய வில், குடம், உடுக்கை, தாளம், கட்டை, கூடவே 'ஆமா' போடுகிற பின்பாட்டுக்காரர் என்று ஐந்தாறு பேர் வேண்டும். ஓர் இரவுக் கதையை நிகழ்ச்சி நேரத்துக்குள் அடக்கு என்று வானொலி கேட்டது. சிறுசேமிப்பு, குடும்ப நலம், உழவு எனப் புதுப் பொருள்களில் எழுதச் சொன்னது. பக்கத்து ஊரான சாத்தூரைச் சேர்ந்த பிச்சைக்குட்டியின் பெயர் தமிழ்நாடெங்கும் பரவியது இந்தக் கலையால்தான். நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பு ஆறுமுகம் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வில்லிசையை நகரத்து வீடுகளுக்குக் கொண்டுபோனார். அவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ வந்தது. மறு ஆண்டே காலமானார்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்லிவிட முடியாது. 1940-இல் ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி தடை போட்டது. கர்நாடக, இந்துஸ்தானி ராகங்களின் நுட்பத்துக்கு அது பொருந்தாது என்பது வாதம். 1970-களில்தான் அந்தப் பிடி தளர்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்துக்கோ ஆர்மோனியம்தான் உயிர். சிவகாசியில் பிறந்த தியாகி விசுவநாததாஸ் மேடையில் தேசபக்திப் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போனவர், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிரை விட்டவர். அவர் வாழ்ந்த நாடக மரபின் உயிர்க்கருவியை அரசு வானொலி அத்தனை காலம் வாசலில் நிறுத்தி வைத்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆனாலும் வானொலியிடம் ஒழுங்கு இருந்தது. குரல் தேர்வு நடத்தினார்கள், தரம் பிரித்தார்கள், ஒப்பந்தம் அனுப்பிச் சன்மானம் கொடுத்தார்கள். புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு போனால் கேட்க ஆள் இருந்தது. இன்றைய உள்ளூர் மேடையில் இல்லாதது இதுதான்.

இப்போது திருவிழா என்றால் 'ஆடல் பாடல்'. ஒலிப்பதிவு ஓட, சினிமா நடனத்தை அப்படியே ஆடிக் காட்டுகிறார்கள். இதற்கு அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போன வழக்குகள் ஏராளம். ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதிப் பாட்டு கூடாது என்று நீதிமன்றம் நிபந்தனை போட வேண்டிய நிலை. ஆடுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விழாக் கமிட்டி கேட்பதை அவர்கள் தருகிறார்கள். கோபம் வர வேண்டியது, விழாவுக்குத் தாராளமாக வரி வசூலித்தும் உள்ளூர்க் கலைஞருக்கு ஓர் இரவை ஒதுக்காத கமிட்டிகள் மேல்தான்.

ஒதுக்கினால் கலை நிற்கும் என்பதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே சான்று உண்டு. ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை இன்றும் நடக்கிறது. குல்லாயும் தாளமுமாகப் பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் இந்தக் கலை, ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி போன்ற மிகச் சில தலங்களில்தான் பிழைத்திருக்கிறது. கோயில் அதற்கு நாளும் உரிமையும் குறித்து வைத்ததே காரணம்.

ராஜபாளையத்திலும் முன்மாதிரி உண்டு. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் ஊரின் கமிட்டிகள், ஆடல் பாடலுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கை வில்லுப்பாட்டுக் குழுவுக்கு முன்பணமாகக் கொடுத்து, உள்ளூர்க் கதை எழுதச் சொல்லலாம். பஞ்சாலைச் சங்கொலியில் விடிந்த தெருக்களும், அய்யனார் கோயில் ஆறும், மேற்கு மலையின் சாம்பல் நிற அணிலும் வில்லில் ஏறட்டும். வரும் ஆடிப்பூரத்துக்கோ அடுத்த பொங்கலுக்கோ அரங்கேற்றம் வைக்கக் கமிட்டி கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.