கஜானாவுக்குக் காவல் – 14: டிரெட்மில்லில் ஓடிய இறால்

போன வாரம் பாலத்தோடு நிறுத்தியிருந்தோம். அலாஸ்காவில் சுமார் ஐம்பது பேர் வசிக்கும் கிராவினா தீவுக்கு 22 கோடி டாலர் ஒதுக்கிப் பாலம் வேண்டாம், அந்தப் பணத்தைக் கத்ரீனா புயலில் உடைந்த லூசியானா பாலத்துக்குக் கொடுங்கள் என்று 2005இல் செனட்டர் டாம் கோபர்ன் கேட்டார். செனட் 82க்கு 15 என்று அவரை உட்கார வைத்தது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது போதும்.

இந்த வாரம் அவருடைய வர்த்தகக் கொள்கையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். பார்ப்போம். அதற்கு முன் ஓர் இறாலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2011 மே மாதம் கோபர்ன் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஆய்வுகளுக்கு மானியம் தரும் தேசிய அறிவியல் அறக்கட்டளை மக்கள் வரிப்பணத்தை எப்படியெல்லாம் வீணாக்குகிறது என்பதுதான் அதன் பொருள். அதில் எல்லோர் கண்ணிலும் பட்டது இறால்தான். தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு குட்டி டிரெட்மில். அதன்மேல் ஓர் இறால், அத்தனை கால்களையும் படபடவென்று அடித்துக்கொண்டு, ஓரங்குலம்கூட நகராமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த வீடியோவைப் பலர் பாட்டுப் போட்டு ஏற்கெனவே இணையத்தில் சுற்றவிட்டிருந்தார்கள். இந்த ஆய்வுக்கு ஐந்தரை லட்சம் டாலருக்கு மேல் மானியம் என்றது அறிக்கை. அரசியல்வாதிகளின் வாயில் புகுந்து புறப்பட்டபோது அதே தொகை 30 லட்சமாக ஊதியிருந்தது.

சரி, அந்த டிரெட்மில்லின் விலை என்ன? ஐம்பது டாலருக்கும் குறைவு. லாரி டயரின் உள்டியூபை வெட்டிச் செய்த ஓடும் பெல்ட், ஸ்கேட்போர்டில் இருந்து கழற்றிய பேரிங், எங்கேயோ பழைய பம்பில் கிடந்த மோட்டார். காயலான் கடைச் சாமான்களைக் கொண்டு அதைச் செய்தவர் ஓர் உயிரியல் பேராசிரியர். அந்தக் காசும் மானியத்தில் இருந்து வரவில்லை, அவர் சொந்தப் பையில் இருந்து போனது. மானியம் கடலோர நோய்க்கிருமிகளைப் பற்றிய பல வருட ஆய்வுக்கானது. பாக்டீரியா தொற்றிய இறால் சும்மா கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடவிட்டு, அது எவ்வளவு ஆக்சிஜனை எடுக்கிறது, எப்போது களைக்கிறது என்று பார்த்தால்தான் நோய் அதன் உடம்பில் என்ன செய்கிறது என்று பிடிபடும். நெஞ்சுவலி என்று போனால் நம்மையும் டிரெட்மில்லில் ஏற்றி டி.எம்.டி. எடுக்கிறார்களே, அதே கணக்கு. கோபர்ன் டாக்டர். இது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

டாக்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. குடும்பத்தின் கண்ணாடி லென்ஸ் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் படித்து, ஓக்லஹோமாவின் மஸ்கோகி ஊரில் நாலாயிரத்துக்கும் அதிகமான பிரசவங்களைப் பார்த்தவர். செனட்டர் ஆனபிறகும் விடவில்லை. பதவியில் இருப்பவர் வைத்தியம் பார்த்துச் சம்பாதிக்கக் கூடாது என்று செனட்டின் ஒழுங்கு நெறிக் குழு சொன்னது. அப்படியானால் காசு வாங்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து பிரசவம் பார்த்தார். அக்குழுவுக்கும் அவருக்கும் இந்த இழுபறி வருடக்கணக்கில் நடந்தது. இந்தப் பிடிவாதத்தைத் தெரிந்துகொண்டால்தான் ‘டாக்டர் நோ’ என்ற பட்டம் எப்படி வந்தது என்று புரியும்.

இறாலுக்கு வருவோம். அறிக்கை வந்த அடுத்த மாதமே, ஜூனில், டி.வி.யில் ஒரு விளம்பரம் வந்தது. கொடுத்தது ஏஏஆர்பி, அமெரிக்காவின் மிகப் பெரிய மூத்த குடிமக்கள் அமைப்பு. பட்ஜெட்டைச் சரிக்கட்ட வேண்டுமா, இறாலுக்கு டிரெட்மில், பிரேசிலில் பருத்தி நிறுவனம் மாதிரியான தண்டச் செலவுகளை முதலில் நிறுத்துங்கள், எங்கள் மெடிகேர் மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் கை வைக்காதீர்கள் என்பது அதன் சாரம். கோபர்ன் தூக்கிப் பிடித்த இறாலை வைத்தே கோபர்னை அடித்தார்கள்.

அந்த அடி அவர் மேல் எப்படி விழுந்தது என்பது ஜூலையில் தெரிந்தது. அவர் இன்னொன்றை வெளியிட்டார். அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீளும் திட்டம், ‘பேக் இன் பிளாக்’. பத்து வருடத்தில் பற்றாக்குறையை 9 லட்சம் கோடி டாலர் குறைப்பது இலக்கு. மெடிகேர், ஓய்வூதியம் இரண்டிலும் கை வைத்தார். ராணுவத்தில் 1 லட்சம் கோடி டாலர் வெட்டு. தன் குடியரசுக் கட்சிக்காரர்கள் தொடவே கூசும் வரிச்சலுகைகளிலும் ஏறக்குறைய அதே அளவு. யாரையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் புத்தகத்தை யார் படித்தார்கள்? வருடா வருடம் அவர் போட்ட ‘வேஸ்ட்புக்’கைத்தான் எல்லோரும் படித்தார்கள். 2014 பதிப்பில் நூறு தண்டச் செலவுகள், மொத்தம் 2,500 கோடி டாலர். அந்த ஆண்டு அமெரிக்க அரசின் செலவு 3.5 லட்சம் கோடி. நூறு டாலருக்கு 71 சென்ட். வேஸ்ட்புக்கில் இருந்த அத்தனையையும் அடியோடு நிறுத்தியிருந்தாலும் மீதி 99 டாலர் 29 சென்ட் அப்படியே போய்க்கொண்டிருக்கும். பெரிய புத்தகத்தை எழுதிய மனுஷனுக்கு இது நன்றாகவே தெரியும். சிரிக்க வைத்தால் கேட்பார்கள் என்று நினைத்தார். சிரித்துவிட்டு, பிரச்சினையே இறால்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இதில் ஜனங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வர்த்தகத்துக்கு வருகிறேன். அங்கேயும் இறால்தான் நிற்கிறது, நான் என்ன செய்ய? வெளிநாட்டு இறாலை அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று அமெரிக்காவின் தெற்குக் கடலோர இறால் பிடிப்பவர்கள் புகார் கொடுக்க, 2005 பிப்ரவரியில் இந்தியா, தாய்லாந்து, சீனா, வியட்நாம், ஈக்வடார், பிரேசில் ஆகிய ஆறு நாடுகளின் இறாலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் தாய்லாந்திலும் சுனாமி அடித்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. சுனாமியால் நிலைமை மாறியதா, இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் வரி இன்னும் தேவையா என்று தனியாக ஒரு விசாரணையே நடத்தினார்கள். தேவைதான் என்று முடித்தார்கள்.

அப்படி வசூலான வரி கஜானாவுக்குப் போகவில்லை. மேற்கு வர்ஜீனியா செனட்டர் ராபர்ட் பேர்ட் 2000இல் கொண்டுவந்த சட்டப்படி, புகார் கொடுத்தவர்களுக்கே பிரித்துக் கொடுக்கப்பட்டது. எதிராளி கட்டும் அபராதம் வாதியின் சட்டைப்பைக்கு! உலக வர்த்தக அமைப்பு இதைத் தப்பு என்று முன்பே சொல்லியிருந்தது.

இதே பேர்ட் இந்தத் தொடரில் இன்னொரு வேஷத்திலும் வருகிறார். அரசு தரும் ஒவ்வொரு மானியத்தையும் ஒப்பந்தத்தையும் இணையத்தில் போட வேண்டும் என்று 2006இல் கோபர்னும் பராக் ஒபாமாவும் சேர்ந்து ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். பெயர் சொல்லாமல் யாரோ அதை முடக்கினார்கள். ஒவ்வொரு செனட்டர் அலுவலகத்துக்கும் போன் போட்டு, நீங்களா, நீங்களா என்று குடைந்ததில் இருவர் அகப்பட்டார்கள். ஒருவர் பேர்ட். இன்னொருவர் பாலத்துக்காரர், அலாஸ்காவின் டெட் ஸ்டீவன்ஸ்.

பேர்டின் சட்டத்தை ஒழிக்கும் பிரிவு 2005 டிசம்பரில் செனட்டுக்கு வந்தது. 50க்கு 50 என்று இழுபட்டு, துணை அதிபர் டிக் சேனி தன் ஓட்டைப் போட்டுத்தான் மசோதா தேறியது. ஆதரித்த ஐம்பதில் ஒருவர் கோபர்ன். ஆனால் அது பெரிய செலவுக் குறைப்பு மசோதா, இந்தப் பிரிவு அதன் மூலையில் கிடந்தது. இதை வைத்து அவரைத் தாராள வர்த்தகக்காரர் என்று எழுதினால் நேர்மையாக இருக்காது.

அதற்கு எத்தனால் சண்டை இருக்கிறது. 2011இல் உள்ளூர் எத்தனாலுக்குக் கேலனுக்கு 45 சென்ட் சலுகை, வெளிநாட்டு எத்தனாலுக்கு 54 சென்ட் வரி இருந்தன. இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டப் போன கோபர்ன், வரிச்சலுகையை நிறுத்துவது வரி உயர்வுதான் என்று மல்லுக்கு நின்ற வரி எதிர்ப்பு அமைப்பின் தலைவர் குரோவர் நார்க்விஸ்டோடு மோதிய கதை. பிரேசில் பருத்தியும் பாக்கி இருக்கிறது.

(தொடரும்)