விலக்கப்பட்ட அறிவும் இளையோர் நாவல்களும்

வெளிமாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களில் இன்று ஒரு காட்சியைக் காணலாம். பள்ளியிலிருந்து திரும்பிய மகனோ மகளோ கூடத்தின் ஒரு மூலையில் அமர்ந்து ஓர் ஆங்கில நாவலில் ஆழ்ந்திருப்பர். உணவுக்கு அழைத்தாலும் செவியில் விழுவதில்லை. தாயோ தந்தையோ அந்நூலை வாங்கிப் புரட்டிப் பார்த்தால் திகைப்பே உண்டாகும். உலகம் ஒரு பேரழிவில் சிதைந்து கிடக்கிறது. எஞ்சிய மக்களைக் கடுமையான சமயத் தலைவர்கள் ஆளுகின்றனர். பழைய நூல்களைப் படிப்பது குற்றம். அக்குற்றத்தைத் துணிந்து செய்பவர்களோ பதினான்கு வயதுச் சிறுவர்கள்! இத்தகைய கதையைப் பிள்ளைகள் படிக்கலாமா என்ற ஐயம் பெற்றோர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அவ்வையத்திற்கு விடை காணும் பொருட்டு, இவ்வகை நாவல்கள் எவ்வாறு தோன்றின, அவை உண்மையில் எதைச் சொல்கின்றன என்பதை நாம் சற்று ஆராய்வோம்.

1516-ஆம் ஆண்டில் தாமஸ் மோர் என்னும் ஆங்கில அறிஞர் 'யூடோப்பியா' என்ற நூலை வெளியிட்டார். எங்கும் இல்லாத ஒரு தீவையும் அதன் ஒழுங்கான வாழ்க்கையையும் கற்பனை செய்து காட்டிய நூல் அது. அந்நாள் முதல், குறையற்ற சமுதாயத்தைப் பற்றிய கனவுகளுக்கு 'யூடோப்பியா' என்பதே பெயராயிற்று. அக்கனவு திரிந்து கொடுங்கனவானால் எப்படியிருக்கும் என்று காட்டும் கதைகளை 'டிஸ்டோப்பியா' என்பர். நாம் அவற்றைத் தீக்கனவுலகக் கதைகள் என்று சொல்லலாம். இவற்றுள் ஒரு கிளை, அறிவைத் தடைசெய்து சமயத்தின் பெயரால் நடைபெறும் ஆட்சியைப் பற்றியது.

இக்கதைகள் வெறுங் கற்பனையிலிருந்து முளைத்தவை என்று எண்ணுதல் தவறாகும். ரோமாபுரித் திருச்சபை 1559-ஆம் ஆண்டில் விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று எழுதிய கோப்பர்னிக்கஸின் நூல் 1616-இல் தடைக்குள்ளாயிற்று. அதே கருத்தை உரையாடல் வடிவில் விளக்கிய கலிலியோ 1633-இல் விசாரிக்கப்பட்டுத் தமது கருத்தைக் கைவிடுமாறு வற்புறுத்தப்பட்டார். 1642-இல் இறக்கும்வரை காவலிலேயே காலங்கழித்தார். அப்பட்டியல் முறை 1966-ஆம் ஆண்டில்தான் கைவிடப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. கோப்பர்னிக்கஸ் தாமே ஒரு தேவாலயத்தின் அலுவலர் குழுவைச் சேர்ந்தவர். ஐரோப்பாவில் பழைய நூல்களைப் படியெடுத்துக் காத்தவர்களும் மடங்களில் வாழ்ந்த துறவிகளே. மறுபுறம், 1933-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மனியில் நூல்களைக் குவித்து எரித்தவர்கள் நாஜி மாணவர்கள். ஆகவே அறிவுக்குப் பகை சமயம் என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. தன் கொள்கையின் மீது தானே ஐயுற்று அஞ்சும் எந்த அதிகாரமும், அது எப்பெயர் பூண்டிருப்பினும், நூல்களைக் கண்டு நடுங்குகிறது. சிறந்த நாவலாசிரியர்கள் இவ்வுண்மையை அறிந்தே எழுதியுள்ளனர்.

1945-இல் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின் மீது அணுகுண்டுகள் வீழ்ந்தபின், அறிவே உலகை அழித்துவிடுமோ என்ற பேரச்சம் மக்களைப் பற்றிக்கொண்டது. அதுவரை அறிவைத் தடுப்போர் மூடர், அறிவை நாடுவோர் அறவோர் என்று எளிதாகப் பிரித்துவிட முடிந்தது. அணுகுண்டுக்குப்பின் அப்பிரிவினை அவ்வளவு எளிதாயில்லை. இந்த இக்கட்டிலிருந்து ஒரே ஆண்டில், 1955-இல், இரண்டு நாவல்கள் பிறந்தன. இவ்விரண்டும் இளையோர்க்கென்றே எழுதப்பட்டவை அல்ல. எனினும் இரண்டிலும் கதையின் நடுநாயகர் இளையோரே. பின்னாளில் இளையோர்க்கென எழுந்த இவ்வகைக் கதைகளின் போக்கை இவற்றிலேயே தெளிவாகக் காணலாம்.

முதலாவது, லீ பிராக்கெட் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதிய 'தி லாங் டுமாரோ'. அணுப் போரில் அமெரிக்க நகரங்கள் அழிந்து இரு தலைமுறைகள் கழிந்துவிட்டன. நகரங்கள் இருந்ததனால்தான் குண்டுகள் வீழ்ந்தன என்று கருதிய மக்கள், ஆயிரம் பேருக்கு மேற்பட்டோர் ஓரிடத்தில் கூடி வாழ்தலாகாது என்று அரசியல் சட்டத்தையே திருத்திவிட்டனர். இயந்திரமின்றி வாழும் கலையை முன்பே அறிந்திருந்த எளிய கிறிஸ்தவப் பிரிவினரின் வாழ்க்கை முறையே நாடெங்கும் பரவிவிட்டது. உழவு, குதிரை வண்டி, பிரார்த்தனை ஆகியவற்றோடு வாழ்வு அமைதியாக நடைபெறுகிறது. பழைய நகரங்களின் ஒளியையும் வண்ணங்களையும் நினைவில் வைத்திருக்கும் ஒரு பாட்டி மட்டும் அவ்வப்போது அவற்றைப் பற்றிப் பேசிவிடுகிறாள். மற்றோர் அவளை அடக்குகின்றனர்.

லென் கோல்ட்டர் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனும் அவனுடைய உறவினன் ஈசாவும், பெற்றோர் அறியாமல் ஒரு சமயக் கூட்டத்தைக் காணச் செல்கின்றனர். அங்கே வணிகன் ஒருவன், பழைய அறிவைக் காத்துவைத்துள்ளதாகக் கூறப்படும் 'பார்ட்டார்ஸ்டவுன்' என்ற மறைவிடத்தைச் சேர்ந்தவன் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கல்லால் அடித்துக் கொல்லப்படுகிறான். அவனுடைய பொருள்களிலிருந்து ஈசா ஒரு சிறு பெட்டியைக் களவாடுகிறான். அது ஒரு வானொலிக் கருவி.

வானொலியைச் செவிமடுக்கும் நேயர்களுக்கு இப்பகுதி தனிச்சுவை தருவதாகும். நம் இல்லங்களில் சமையலறை அலமாரியின் மேல் பாடிக்கொண்டிருந்த அதே பொருள், அங்கே உயிருக்கே உலை வைக்கும் குற்றப்பொருள். அச்சிறுவர்கள் இரவில் ஒளிந்திருந்து, எதைத் திருப்பினால் என்ன நேரும் என்று அறியாமல், அதனிடமிருந்து ஒரு குரலேனும் வாராதா என்று ஏங்குகின்றனர். கருவியைப் புரிந்துகொள்ள நூல்கள் வேண்டும்; நூல்களைப் பெறத் திருட வேண்டும். இவ்வாறு ஒரு வேட்கை அவர்களை வீட்டிலிருந்து பெயர்த்து நெடும்பயணத்தில் செலுத்துகிறது.

எளிய கதையாசிரியராயின், அப்பயணத்தின் முடிவில் ஓர் ஒளிமிக்க அறிவுக்கோயிலைக் காட்டி வாழ்த்துப் பாடியிருப்பார். பிராக்கெட் அவ்வாறு செய்யவில்லை. லென் பல ஆண்டுகள் தேடியடைந்த பார்ட்டார்ஸ்டவுனின் உள்ளே, மலைக்கடியில் இருப்பது ஓர் அணு உலை. உலகை எரித்த அதே சக்தி! அணு வெடிப்பைத் தடுக்கும் வழியொன்றைக் கண்டறிய அங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாக உழைக்கின்றனர். அது கைகூடுமா என்பதை அவர்களே அறியார். லென் நடுங்குகிறான். சிறுவயதில் கேட்ட பிரசங்கங்கள் அவன் நெஞ்சில் மீண்டும் ஒலிக்கின்றன. தந்தையார் அஞ்சியது பொய்க்கன்று என்பதை அப்போது உணர்கிறான். அங்கிருந்து ஓடுகிறான், நெடுநாள் போராட்டத்திற்குப் பின்னர், மூடிவைத்தாலும் அறிவு மறைந்துவிடுவதில்லை என்று தெளிந்து, அஞ்சிக்கொண்டே திரும்பி வருகிறான். அறிவைத் தேடுவதற்கு ஆர்வம் போதும். அதைத் தாங்குவதற்கு முதிர்ச்சி வேண்டும் என்பதே இந்நாவலின் உட்பொருள் என நாம் கொள்ளலாம்.

இரண்டாவது, ஜான் விண்டம் என்னும் ஆங்கிலேயர் எழுதிய 'தி கிரிசாலிட்ஸ்'. கதை நிகழுமிடம் வட அமெரிக்காவின் லாப்ரடார். 'பெருந்துன்பம்' என்று மட்டுமே மக்கள் குறிப்பிடும் பேரழிவிற்குப் பின், விவிலியமும் மற்றொரு சமய நூலுமே எஞ்சியுள்ளன. கடவுள் படைத்த உருவிலிருந்து இம்மியும் பிறழலாகாது என்பது சட்டம். பிறழ்ந்த பயிர் எரிக்கப்படும். பிறழ்ந்த கன்று வெட்டப்படும். பிறழ்ந்த மனிதக் குழந்தையோ மனிதனே அல்ல என்று விலக்கப்படும். டேவிட் என்னும் சிறுவன் தன் தோழி சோஃபியின் காலில் ஆறு விரல்கள் இருப்பதைத் தற்செயலாகக் காண்கிறான். அவன் அறிந்துகொண்ட அந்தச் சிறு செய்தியே விலக்கப்பட்ட அறிவாகிவிடுகிறது. ஆறாவது விரல் ஒருத்தியை எவ்வாறு தீயவளாக்கும் என்று அவன் மனம் கேட்கிறது. ஈரக் காலின் சுவடொன்று பாறையில் பதிந்து, அதைப் பிறனொருவன் கண்டுவிட, அவளுடைய குடும்பம் ஊரைவிட்டே ஓட நேர்கிறது. டேவிட்டை அடித்து உண்மையை வருவிப்பவர் அவனுடைய தந்தையே. அவ்வூரின் பக்திமிக்க பெருமகனும் அவரே.

டேவிட்டும் வேறு சில சிறுவரும், ஒருவர் எண்ணத்தை ஒருவர் சொல்லின்றி அறியும் ஆற்றல் வாய்ந்தவர்கள். அவ்வாற்றல் வெளிப்பட்டபோது அவர்கள் வேட்டையாடப்படுகின்றனர். தொலைதூரத் தீவு நாடொன்றிலிருந்து அதே ஆற்றல் படைத்த மக்கள் வந்து அவர்களை மீட்கின்றனர். ஆனால் மீட்க வந்தவர்களும், தங்களைவிடத் தாழ்ந்த இனம் அழிந்தொழிவதே இயற்கை நியதி என்று சற்றும் தயங்காமல் பேசுகின்றனர். இருதரப்புப் போராளிகளையும் கொன்றுவிட்டே மீட்கின்றனர். பழைய வெறி ஒழிந்த இடத்தில் புதிய செருக்கு வந்து அமரக்கூடும் என்னும் எச்சரிக்கை இதில் அடங்கியுள்ளது. இதைக் கவனியாமல் கதையின் மகிழ்ச்சியான முடிவை மட்டும் கொள்ளும் வாசகர், நூலில் பாதியையே படித்தவராவர்.

இவ்வழியில் இளையோர்க்கென்றே எழுதப்பட்ட நூல்கள் பின்னர்ப் பெருகின. லோயிஸ் லோரி 1993-இல் எழுதி, மறு ஆண்டில் நியூபெரி பதக்கம் பெற்ற 'தி கிவர்' அவற்றுள் ஒன்று. அதில் சமயமென ஒன்றும் இல்லை. ஆனால் மக்களின் நினைவே தடைசெய்யப்பட்டிருக்கிறது. நிறங்களையும் வலியையும் போரையும் அன்பையும் ஒருசேர மறந்துவிட்ட சமுதாயம் அது. பழைய நினைவுகளையெல்லாம் தாங்கும் பொறுப்பு பன்னிரண்டு வயது ஜோனஸுக்கு அளிக்கப்படுகிறது. குழந்தைகளைப் பேணும் தொழில் செய்யும் அவனுடைய மென்மையான தந்தையே, ஒரு சிசுவைத் தயக்கமின்றிக் கொல்வதை அவன் காண நேர்கிறது. தாம் செய்வது கொலை என்பதை அத்தந்தை அறியார். அறியாமையின் கொடுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

பிலிப் புல்மன் 1995-இல் வெளியிட்ட 'நார்தர்ன் லைட்ஸ்' கார்னெகி பதக்கம் பெற்றது. அதில் 'மாஜிஸ்டீரியம்' என்னும் சமயப் பேராட்சி, வானிலிருந்து விழும் 'தூசி' எனப்படும் மர்மப் பொருளைப் பற்றிய ஆராய்ச்சியைத் தன் பிடியில் வைத்திருக்கிறது; அதைப் பாவத்தின் வித்தென்று கருதி, அதனின்றும் குழந்தைகளைக் காப்பதாகச் சொல்லிக் குழந்தைகளையே ஊனமாக்குகிறது. லைரா என்னும் துடுக்கான சிறுமி அதை எதிர்த்துப் புறப்படுகிறாள்.

இனி ஒரு விந்தையைக் கூறவேண்டும். அறிவைத் தடுத்தலின் தீமையைக் கூறும் இந்நூல்களே தடுக்கப்பட்டன. லோரியின் நூலையும் புல்மனின் நூலையும் பள்ளி நூல்நிலையங்களிலிருந்து அகற்றுமாறு அமெரிக்காவில் பெற்றோர் பலர் முறையிட்டனர். ரே பிராட்பரி 1953-இல் வெளியிட்ட 'ஃபாரன்ஹீட் 451', நூல்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிய நாவல். அந்நூலிலேயே பல சொற்களை வெட்டியும் மாற்றியும், 1967 முதல் பள்ளி மாணவர்க்கான பதிப்பு ஒன்று விற்கப்பட்டது. ஆசிரியருக்கு அது பல ஆண்டுகள் தெரியாது. வெட்டியவர்கள் தீய நோக்குடையவர்கள் என்று நாம் கருதவில்லை. பிள்ளைகளின் நலம் நாடியே அவ்வாறு செய்திருக்கலாம். டேவிட்டின் தந்தையும் தம் ஊரின் நலத்தையே நாடினார்!

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கே திரும்புவோம். பிள்ளை கையிலுள்ள நூலைப் பெற்றோர் பிடுங்கி வைக்கலாமா? பிடுங்கினால், அந்நூலில் வரும் தந்தையின் வேடத்தை நாமே புனைந்துகொண்டவர்களாவோம். பிள்ளையும் அதை உடனே கண்டுகொள்ளும். சரி, கண்டுங்காணாமல் விட்டுவிடலாமா? அதுவும் போதாது. தனித்துப் படிக்கும் இளமனம், மூத்தோர் அனைவரும் மூடர், நம்பிக்கையுடையோர் யாவரும் கொடியோர் என்று விரைந்து முடிவு செய்துவிடக்கூடும். நல்ல நூல்கள் அவ்வாறு சொல்லவில்லை என்பதைப் பார்த்தோம். ஆனால் விரைந்து படிப்போர்க்கு அந்நுட்பம் தப்பிவிடும்.

இங்கேதான் பெற்றோருக்கு வேலை இருக்கிறது. நூலை நாமும் வாங்கிப் படிக்கலாம். ஆங்கிலம் கைவராதோர் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். பிறகு ஒரு கேள்வி போதும்: அறிவை மறைத்தவர் எதற்கு அஞ்சினார்? அவ்வச்சத்தில் ஏதேனும் உண்மை இருந்ததா? லென்னின் தந்தை அஞ்சியதில் உண்மை இருந்தது. அவர் கண்ட மருந்துதான் பிழை. இதைப் பிள்ளை தானே எடுத்துச் சொல்லும்போது, அது கதையைக் கடந்து மனிதரை அறியத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மற்றொரு பயனும் உண்டு. மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினும், அது பெரும்பாலும் உணவும் உடையும் பற்றிய தமிழாகவே நின்றுவிடுகிறது. நன்மை எது, அஞ்சத்தக்கது எது, எதை நம்புவது என்னும் பெரிய பொருள்களைப் பேச அவர்கள் வேற்றுமொழிக்கே செல்கின்றனர். ஆங்கிலத்தில் படித்த கதையைப் பற்றி இரவு உணவின்போது தமிழில் வாதிடும் பிள்ளை, தாய்மொழியில் சிந்திக்கவும் பழகுகிறது. அவ்வாதத்தில் நாம் தோற்க நேரினும் குற்றமில்லை. வாதத்தில் தோற்கத் துணியாத தந்தையரைப் பற்றியவை அல்லவா அக்கதைகளெல்லாம்!